எல்லா வயதினருக்கும் ஏற்ற வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டப்போகிறவர்களும், இருக்கிற வீட்டை மாற்றியமைக்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்களில் வரும் அளவுகளில் பல, அமெரிக்காவின் அணுகல் விதிகளை, அதாவது ஊனமுற்றவரும் கட்டடத்தைப் பயன்படுத்த வகைசெய்யும் விதிகளை, ஒட்டியவை. உங்கள் பகுதியின் கட்டட விதி வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாக நடமாடுகிறோம். படியில்லாத வாசல், கைப்பிடிக் கம்பி இதெல்லாம் எங்களுக்கு எதற்கு?

வீட்டுக்கு ஐம்பது ஆண்டு ஆயுள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் அங்கே ஒருவர் பிள்ளை பெறுவார். ஒருவர் காலை முறித்துக்கொள்வார். ஒருவர் முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து வாக்கரோடு வருவார். பார்வை மங்கிய உறவினர் ஒருவர் தங்க வருவார். இத்தனையும் நடக்காத வீடு அரிது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரொனால்டு மேஸ் சிறுவயதிலேயே போலியோவால் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். கட்டடக் கலை படித்த காலத்தில் அவரைப் படிகளில் தூக்கித்தான் கொண்டுபோனார்கள். கழிப்பறைக்குள் அவருடைய நாற்காலி நுழையவில்லை. அனைவருக்குமான வடிவமைப்பு என்ற கருத்துக்கு 1980களில் பெயர் கொடுத்தவர் அவர். 1989-இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் தொடங்கிய மையத்திலிருந்துதான் 1997-இல் அதன் ஏழு கோட்பாடுகள் வெளிவந்தன. அவற்றின் சாரத்தைச் சொல்வது எளிது. ஊனமுற்றவருக்கென்று ஒன்றைப் பின்னால் ஒட்டவைக்காதீர்கள். எல்லோரும் பயன்படுத்தும்படி ஒன்றையே முதலிலிருந்து செய்யுங்கள்.

எல்லாவற்றையும் இப்போதே செய்ய வேண்டுமா? செலவு கட்டுப்படியாகாதே!

வேண்டாம். என்னைக் கேட்டால் ஒரே ஒரு பிரிவினை போதும். சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் மறைந்துபோகிற எதையும் இப்போதே செய்துவிடுங்கள். சுவரின்மேலும் தரையின்மேலும் வந்து உட்காருகிற எதையும் தேவை வரும்போது செய்துகொள்ளலாம்.

வாசலின் மட்டம், கதவு நிலையின் அகலம், குளியலறைத் தளத்தைத் தாழ்த்துவது, தண்ணீர் வாட்டம், கைப்பிடிக் கம்பியைத் தாங்கும் சுவர், மின்கம்பி போகும் குழாய் எல்லாம் முதல் வகை. வரைபடத்தில் இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம். கட்டி முடித்தபின் உடைத்துச் செய்தால் அதே வேலைக்குப் பல மடங்கு ஆகும். அதைவிட, உடைக்கும் வாரங்களில் நோயாளியை எங்கே தங்கவைப்பது என்ற கேள்வி எழும். கம்பி, இருக்கை, விளக்கு, குழாய்த் தலை, தாழ்ப்பாள் எல்லாம் இரண்டாவது வகை. அவசரமில்லை.

குறைந்தபட்சம் எவை இருந்தால் போதும்?

1987-இல் அட்லாண்டாவில் எலினோர் ஸ்மித் என்பவர் தொடங்கிய இயக்கம் மூன்றே மூன்றைக் கேட்டது: படியில்லாத ஒரு வாசல், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் தரைத்தளக் கதவுகள், தரைத்தளத்திலேயே ஒரு கழிப்பறை. நாற்காலியில் வரும் நண்பர் ஒருவர் உங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போக இவை போதும். குடியிருக்கப் போதாது. அதற்குப் படுக்கையறை ஒன்றும் குளிக்கும் இடமும் அதே தளத்தில் வேண்டும். அந்த அறையை இப்போது வாசிப்பறையாகவோ பிள்ளைகள் படிக்கும் அறையாகவோ வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை.

வாசலில் சாய்தளம் எவ்வளவு நீளம் வேண்டும்?

1:12 என்பது செங்குத்தின் உச்ச வரம்பு. ஒரு செ.மீ. ஏற 12 செ.மீ. ஓட வேண்டும். வீட்டின் தரை வெளித்தரையைவிட 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர். மேலும் கீழும் நாற்காலி நின்று திரும்ப 150 செ.மீ. சமதளம் தனி. ஏற்றம் 76 செ.மீ.-ஐத் தாண்டினால் நடுவிலும் ஒரு சமதளம் வேண்டும்.

இந்தக் கணக்கைக் கேட்டதும் பலர் சாய்தளத்தைச் சுருக்கி 1:6, 1:5 என்று கட்டிவிடுகிறார்கள். அது இருசக்கர வாகனத்தை ஏற்றுவதற்குத்தான் ஆகும். தன் கையால் சக்கரத்தைத் தள்ளி வருபவர் அதில் ஏற முடியாது. பின்னாலிருந்து தள்ளுபவரும் இறங்கும்போது பிடியை விட்டுவிட நேரும். 1:12-கூட வலுவான கைகளுக்கான அளவுதான். இடமிருந்தால் 1:15 அல்லது 1:20 வையுங்கள்.

இன்னும் நல்ல வழி, சாய்தளமே தெரியாமல் செய்வது. மனையின் மண்ணை நிரவி, தெருவிலிருந்து வாசல்வரை 1:20 வாட்டத்தில் நடைபாதையைக் கொண்டுவந்தால் அது தோட்டப் பாதை போலவே இருக்கும். மழைநீர் சுவரை நோக்கி வராதபடி வாசலருகே ஒரு கம்பி மூடிய வடிகால் மட்டும் வேண்டும்.

படிகளை ஒரேயடியாக எடுத்துவிடவும் வேண்டாம். ஊன்றுகோலோடு நடப்பவர், கணுக்கால் மடங்காதவர் ஆகியோருக்குச் சரிவில் இறங்குவதைவிடக் கைப்பிடியோடு கூடிய தாழ்வான படி எளிது. இரண்டும் இருக்கட்டும்.

கதவு அகலம் மூன்றடி என்று சொல்லிவிட்டோம். போதும்தானே?

எதன் அளவு மூன்றடி என்று கேட்டுக்கொள்ளுங்கள். தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. நிலையின் வெளியளவு 90 செ.மீ. என்று வைப்போம். இரு பக்கச் சட்டங்களும் ஆளுக்கு ஆறு, ஆறரை செ.மீ. தின்றுவிடும். மிச்சம் 77. கதவைத் தொண்ணூறு பாகையில் திறந்து வைத்தால் கதவுப் பலகையின் தடிமன் மூன்றரை செ.மீ. வழிக்குள் துருத்தி நிற்கும். ஆக, ஆள் போகக் கிடைப்பது ஏறத்தாழ 73 செ.மீ. கையால் தள்ளும் சக்கர நாற்காலி 60 முதல் 70 செ.மீ. அகலம் இருக்கும், அதன் வெளிப்புற வளையத்தைப் பிடித்துத் தள்ளும் விரல்களுக்கு இடம் எங்கே? நாற்காலி நுழைந்துவிடும், விரல் முட்டி உரசிக் கிழியும்.

கேட்க வேண்டியது திறந்த கதவின் வழியே கிடைக்கும் வெற்றிடம். அது 81.5 செ.மீ.-க்குக் குறையக் கூடாது. அதற்கு நிலையின் வெளியளவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். தச்சரிடமும் கொத்தனாரிடமும் இந்த எண்ணைத் தனித்தனியே சொல்லுங்கள்; ஒருவர் நிலையை அளப்பார், மற்றவர் சுவரில் விடும் திறப்பை அளப்பார்.

அகலம் மட்டும் போதாது. கதவை இழுத்துத் திறப்பவருக்குக் கைப்பிடிப் பக்கச் சுவரில் 45 செ.மீ. இடம் வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலியில் இருப்பவர் கதவை இழுக்கும்போது அது அவர் காலிலேயே வந்து மோதும். நிலைப்படி வேண்டாம்; தவிர்க்கவே முடியாவிட்டால் 13 மி.மீ.-க்கு மிகாமல், விளிம்பைச் சரிவாக்கி வையுங்கள்.

உருண்டைக் குமிழ்களைத் தூக்கிப் போட்டுவிட்டு நீண்ட பிடிகளைப் பொருத்துங்கள். மூடிய கைமுட்டியால் திறக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. மூட்டுவலிக்காரருக்கு உதவுவது இரு கையிலும் பை சுமந்து வருபவருக்கும் உதவும்.

குளியலறையில் எதைக் கவனிக்க வேண்டும்?

ஏறக்குறைய எல்லாவற்றையும். பணத்தையும் கவனத்தையும் ஒரே இடத்தில்தான் செலவிட முடியும் என்றால், அந்த இடம் இதுதான்.

சக்கர நாற்காலியிலிருந்து கழிப்பறை இருக்கைக்கு ஒருவர் மாறுவதைப் படிப்படியாக நினைத்துப் பாருங்கள். நாற்காலியை இருக்கைக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார். பிரேக் போடுகிறார். கால் வைக்கும் தட்டை மடக்குகிறார். பக்கக் கைத்தாங்கியை எடுத்துவிடுகிறார். ஒரு கை சுவர்க் கம்பியில். மற்றொரு கை நாற்காலியின் ஆசனத்தில். உடலை ஒரு கணம் முழுக்கக் கைகளில் தாங்கிப் பக்கவாட்டில் நகர்த்துகிறார். இதற்கு மூன்று தேவை. இருக்கையின் ஒரு பக்கம் 90 செ.மீ. காலி இடம். இரண்டு ஆசனங்களும் ஏறக்குறைய ஒரே உயரம், அதாவது தரையிலிருந்து 43 முதல் 48 செ.மீ. மறுபக்கச் சுவர் கைக்கெட்டும் தூரம். இருக்கையின் நடுக்கோடு சுவரிலிருந்து 40 முதல் 45 செ.மீ. இருக்க வேண்டும். சுவர் தள்ளிப்போனால் கம்பி இருந்தும் பயனில்லை.

நாற்காலி முழுதாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வட்டம் வேண்டும். அந்த வட்டம் கைகழுவும் தொட்டியின் அடிப்பகுதிக்குள் கொஞ்சம் நுழையலாம், கீழே அலமாரி கட்டாமல் விட்டால்.

கதவு வெளிப்புறமாகத் திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். உள்ளே விழுந்தவர் கதவின் மேலேயே கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளித் திறக்க முடியாது. தாழ்ப்பாளை வெளியிலிருந்து நாணயத்தாலோ திருப்புளியாலோ விடுவிக்கும் வகையில் தேர்ந்தெடுங்கள்.

குளிக்கும் இடத்தில் படியில்லாவிட்டால் தண்ணீர் வெளியே வராதா?

வாட்டம் சரியாக இருந்தால் வராது. கான்கிரீட் போடும்போதே குளியலறைத் தளத்தை மற்ற தளத்தைவிடத் தாழ்த்திப் போட வேண்டும். அப்போதுதான் வாட்டமும் நீர்க்காப்புப் பூச்சும் டைல்ஸும் சேர்ந்த பிறகு இரு தரைகளும் ஒரே மட்டத்துக்கு வரும். சென்டரிங் பலகை அடிப்பதற்கு முன் இதைச் சொல்லாவிட்டால் பிறகு வழியில்லை. வாட்டம் மீட்டருக்கு 2 செ.மீ. போதும். அதைவிடச் சரிவானால் நின்று குளிப்பவருக்கே கால் நிற்காது. வடிகால் வாசலுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

கைப்பிடிக் கம்பியை எங்கே, எப்படிப் பொருத்துவது?

உயரம் 84 முதல் 91 செ.மீ. கம்பியின் விட்டம் 32 முதல் 38 மி.மீ.; சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி 38 மி.மீ. இடைவெளி அதைவிடப் பெரிதானால் வழுக்கும்போது முழங்கை உள்ளே சிக்கி முறியும். கம்பியும் அதன் திருகுகளும் 113 கிலோ எடையைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி.

திடமான செங்கல் சுவரில் நல்ல ஆங்கர் போல்ட் நிற்கும். ஹாலோ பிளாக் சுவரிலும் பலகைத் தடுப்பிலும் நிற்காது. அங்கெல்லாம் கட்டும்போதே உள்ளே உள்ள வெற்றிடத்தை கான்கிரீட்டால் நிரப்புங்கள், அல்லது பலகைக்குப் பின்னால் 18 மி.மீ. பிளைவுட் வையுங்கள். பூசி மறைப்பதற்கு முன் அளவு நாடாவைச் சுவரில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து எந்த இடத்தில் துளை போடுவது என்று அந்தப் படம்தான் சொல்லும்.

துண்டு தொங்கவிடும் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை. வழுக்குகிறவர் எது துண்டுக் கம்பி, எது கைப்பிடி என்று பார்த்துப் பிடிக்கமாட்டார். எட்டியதைப் பிடிப்பார். ஆகவே துண்டுக்கும் கைப்பிடிக் கம்பியையே போட்டுவிடுவது நல்லது.

"வழுக்காத டைல்ஸ்" என்று கடையில் சொல்வதை நம்பலாமா?

பெட்டியில் உள்ள தரக்குறியைப் பாருங்கள். ஐரோப்பியத் தயாரிப்புகளிலும் அவற்றை ஒட்டிச் செய்பவற்றிலும் ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு குறி உண்டு. எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடந்து பார்த்துக் கொடுக்கும் குறி அது. குளியலறையில் யாரும் காலணியோடு நடப்பதில்லை. வெறுங்காலோடு சோப்பு நீரில் சோதித்துக் கொடுக்கும் ஏ, பி, சி என்ற வரிசைதான் அங்கே பொருந்தும். பி அல்லது சி வாங்குங்கள். சிறிய டைல்ஸுக்கு இணைப்புக் கோடுகள் அதிகம், அவையும் பிடிமானம் தரும். பளபளப்பான பெரிய டைல்ஸ் வரவேற்பறைக்கே சந்தேகம்தான்.

சுடுநீரால் ஆபத்து உண்டா?

உண்டு. 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலைக் கடுமையாகச் சுட்டுவிடும்; 49 டிகிரியில் அதற்குப் பல நிமிடங்கள் ஆகும். உணர்ச்சி மரத்த கால் உடையவருக்கும் சிறு குழந்தைக்கும் அந்த நேரம்தான் காப்பு. தொட்டியில் நீரை 60 டிகிரியில் வைப்பது கிருமி வளராமலிருக்க நல்லதுதான். குழாய்க்கு முன்னால் வெப்பம் கட்டுப்படுத்தும் கலவை வால்வு ஒன்றைப் பொருத்திக்கொள்ளுங்கள்.

படிக்கட்டில் கவனிக்க வேண்டியது என்ன?

எல்லாப் படியும் ஒரே உயரமாக இருப்பது. கால் இரண்டு மூன்று படியிலேயே உயரத்தைக் கற்றுக்கொள்கிறது. பிறகு கண் பார்ப்பதில்லை. ஒரு படி மட்டும் மாறினால் அங்கே தடுக்கும். அமெரிக்கக் கட்டட விதி ஒரே வரிசைப் படிகளுக்குள் 9.5 மி.மீ. வித்தியாசத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நடைமுறையில் கெடுவது முதல் படியும் கடைசிப் படியும்தான். கான்கிரீட்டில் எல்லாம் சமமாக இருக்கும். பிறகு கீழ்த்தளத்தில் ஐந்து செ.மீ. தரைப்பூச்சு ஏறும், முதல் படி குட்டையாகிவிடும். மேல்தளத்திலும் பூச்சு ஏறும், கடைசிப் படி நெட்டையாகிவிடும். முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைவரை அளந்து பங்கிடச் சொல்லுங்கள்.

கைப்பிடி இரு பக்கமும் வேண்டும். பக்கவாதத்தால் ஒரு கை இயங்காதவர் ஏறும்போது பிடித்த பக்கத்தை இறங்கும்போது பிடிக்க முடியாது. முதல் படிக்கு முன்னும் கடைசிப் படிக்குப் பின்னும் கைப்பிடி 30 செ.மீ. நீளட்டும். படி விளிம்பில் வேறு நிறத்தில் ஒரு பட்டை போதும். படி முழுவதும் கோலாகலமான வடிவங்கள் இருந்தால் விளிம்பு கண்ணுக்குத் தெரியாது.

மாடிக்கு லிப்ட் வைக்க இப்போது வசதியில்லை. என்ன செய்யலாம்?

ஒன்றன்மேல் ஒன்றாக, 150க்கு 150 செ.மீ. அளவில், இரு தளத்திலும் சேமிப்பறை கட்டுங்கள். நடுவிலுள்ள தளத்தைச் சுற்றி உத்தரம் கொடுத்து, பின்னால் வெட்டி எடுக்கும்படி தனித் துண்டாகப் போடச் சொல்லுங்கள். லிப்ட் வரும்வரை அங்கே பெட்டிகள் இருக்கட்டும்.

சமையலறை மேடையை எந்த உயரத்தில் வைப்பது? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்வதுதான் சரி. நின்று வேலை செய்பவருக்கு 90 செ.மீ. வசதியாக இருக்கலாம், அமர்ந்து செய்பவருக்கு 86 செ.மீ.-க்கு மேல் போகக் கூடாது. ஒரே உயரத்தில் எல்லோரையும் திருப்திப்படுத்த முயலாமல், மேடையின் ஒரு பகுதியை 76 செ.மீ. அகலத்துக்குத் தாழ்த்தி, கீழே அலமாரி இல்லாமல் விடுங்கள். முழங்கால் நுழைய 68 செ.மீ. உயரம் வேண்டும். சிறுபிள்ளைகள் உதவிக்கு வந்து நிற்பதும், கால் வலிக்கும்போது நீங்களே உட்கார்ந்து நறுக்குவதும் அங்கேதான் நடக்கும்.

தொட்டிக்கும் அடுப்புக்கும் இடையில் மேடை விடுபடாமல் தொடர்ந்தால் கனமான பாத்திரத்தைத் தூக்காமல் நகர்த்திக்கொண்டே போகலாம். மேடைக்கடியில் கதவு வைத்த அலமாரிகளுக்குப் பதிலாக இழுப்பறைகள் போட்டால் மண்டியிட்டுத் தேடும் வேலை மிச்சம்.

பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு எப்படி ஏற்பாடு செய்வது?

முதலில் வெளிச்சம். வயதாக ஆகக் கண்ணின் வில்லை மஞ்சளாகித் தடிப்பதாலும் கண்மணி சுருங்குவதாலும், அறுபது வயதுக்காரரின் விழித்திரையை எட்டும் ஒளி இருபது வயதுக்காரருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். ஆனால் ஒரே பெரிய விளக்கைக் கூட்டினால் கண்கூசும், அதுவும் அவர்களைத்தான் அதிகம் வருத்தும். நிழல் விழாதபடி பல சிறு விளக்குகளைப் பிரித்து வையுங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறைவரை தரையோரம் மங்கலான விளக்கு இருக்கட்டும்.

அடுத்தது நிற வேறுபாடு. வெள்ளைச் சுவரில் வெள்ளை ஸ்விட்சும், வெள்ளைத் தரையில் வெள்ளைக் கழிப்பறையும் படத்தில் அழகு. மங்கிய கண்ணுக்கு அவை இல்லாத பொருட்கள்.

முற்றிலும் பார்வையற்றவருக்கு வேறொரு ஆபத்து. கைத்தடி தரையில் உள்ளதைத்தான் கண்டுபிடிக்கும். படிக்கட்டின் அடிப்பகுதி, சுவரில் துருத்தி நிற்கும் அலமாரி, பாதி திறந்த கதவு ஆகியவை நேராக நெற்றியில் அடிக்கும். படிக்கட்டுக்கடியில் இரண்டு மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள இடத்தை அடைத்துவிடுங்கள். நடைபாதைகளில் பதிக்கும் புடைப்பு ஓடுகளை வீட்டுக்குள் பதிக்கத் தேவையில்லை. தன் வீட்டை அவர் நன்கு அறிவார். சாமான்களை இடம் மாற்றாமலிருந்தாலே பெரிய உதவி.

காது கேளாதவர்களுக்கு வீட்டில் தனியாக என்ன தேவைப்படும்?

அழைப்புமணியும் புகை எச்சரிக்கையும் ஒளியாக மின்ன வேண்டும், படுக்கையறையிலும். கைகளால் பேசுபவர்களுக்கு முகமும் கையும் தெரிவதுதான் உரையாடல். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காரும்படி இருக்கைகளைப் போட்டால் பேசுபவரின் முகம் இருட்டாகிவிடும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே சுவரில் ஒரு திறப்பு இருந்தால் அறைமாறாமல் பேசலாம். காது கேளாதோருக்கான, வாஷிங்டனில் உள்ள காலோடெட் பல்கலைக்கழகம் 2005 முதல் இதையே தனித் துறையாக ஆராய்ந்து வளர்த்திருக்கிறது.

நினைவாற்றல் குறையும் நோய் உள்ளவர் இருந்தால்?

தேடாமல் கண்ணில் படும்படி வையுங்கள். கட்டிலிலிருந்தே கழிப்பறைக் கதவு தெரிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வெளிர்நிறத் தரையில் கருப்பு மிதியடி அவருக்குப் பள்ளமாகத் தெரியலாம். தாண்டப் பார்த்து விழுவார். இரவில் கண்ணாடியில் தெரியும் உருவத்தை அந்நியர் என்று எண்ணி அஞ்சுபவர்களும் உண்டு. மூட ஒரு திரை வையுங்கள்.

ஒருவருக்கு உதவுவது இன்னொருவருக்கு இடைஞ்சலாக இருந்தால்?

இருக்கத்தான் செய்யும். எல்லோருக்கும் ஒரே தீர்வு என்று சொல்பவரை நம்பாதீர்கள். சக்கர நாற்காலிக்காரருக்கு மட்ட வேறுபாடே கூடாது. பார்வையற்றவருக்கு அறை மாறுவதைச் சொல்ல ஏதாவது வேண்டும். அங்கே மட்டத்தை மாற்றாமல் தரையின் சொரசொரப்பை மாற்றலாம். குனிய முடியாதவருக்காகப் பிளக் பாயின்டை 45 செ.மீ.-க்கு உயர்த்தினால் தவழும் குழந்தையின் கைக்கும் எட்டும். உள்ளே மூடி உள்ள வகையை வாங்க வேண்டும். அடுப்பின் திருகுகள் முன்பக்கம் இருந்தால் அமர்ந்திருப்பவருக்கு வசதி, குழந்தைக்கு விளையாட்டு; பூட்டு உள்ள அடுப்பு வேண்டும். மாடிக் கைப்பிடியின் கம்பிகளுக்கிடையே 10 செ.மீ.-க்கு மேல் விடாதீர்கள், குழந்தையின் தலை நுழையும்.

சிலவற்றுக்கு நடுவழி கிடைக்காது. அப்போது இன்று அந்த வீட்டில் இருப்பவரின் தேவைக்கே முன்னுரிமை.

வீடு மருத்துவமனை போல ஆகிவிடுமே?

பளபளக்கும் எஃகுக் கம்பியை நான்கு பக்கமும் அடித்தால் ஆகும். அகலமான கதவும் படியில்லாத வாசலும் நல்ல வெளிச்சமும் மருத்துவமனையை நினைவூட்டுவதில்லை; விசாலமான வீடு என்றுதான் வருபவர்கள் சொல்வார்கள். கம்பிகளும் இப்போது மரத்திலும் பல நிறத்திலும் கிடைக்கின்றன.

வாடகை வீட்டில் இருக்கிறோம். உடைக்க முடியாது.

கதவின் கீலை மாற்றுங்கள். கதவை வழியிலிருந்து முழுக்க விலக்கும் வளைகீல் ஒன்று உண்டு. பலகையின் தடிமன் அளவுக்கு, மூன்று நான்கு செ.மீ., அகலம் கிடைக்கும், நிலையைத் தொட வேண்டியதில்லை. நிலைப்படிக்கு ரப்பர் சரிவுத் துண்டு, கழிப்பறை இருக்கைக்கு உயர்த்தும் வளையம், குளிக்க உறுதியான கால்களுள்ள நாற்காலி, கையில் பிடிக்கும் ஷவர் ஆகியவற்றை வீடு மாறும்போது எடுத்துப்போகலாம். காற்றழுத்தத்தில் ஒட்டும் கைப்பிடிகளை மட்டும் வாங்காதீர்கள். ஒட்டியிருப்பது போலவே தெரியும், எடை விழும் நேரத்தில் கழன்றுவரும்.

குரலுக்குக் கட்டுப்படும் விளக்கு, கைபேசியில் திறக்கும் பூட்டு இவையெல்லாம் வேண்டுமா?

கை அசைக்க முடியாதவருக்கு அவை விடுதலை, மறுக்கவில்லை. மின்சாரமும் இணையமும் நின்றால் என்ன நடக்கும் என்று மட்டும் விற்பவரிடம் கேளுங்கள். பூட்டுக்குச் சாவியும், விளக்குக்குச் சுவர் ஸ்விட்சும், லிப்டுக்கு அருகிலுள்ள தளத்தில் இறக்கிவிடும் பேட்டரியும் இருந்தால் வாங்கலாம்.